நாலு நாலு ஒன்று ஏழு

பன்னிரண்டு நாற்பதுக்கு பியூலா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சர்வர் அறைக் கதவின் முன்னால் வந்து நின்றாள். வெளியே திருநெல்வேலி வெயில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வெயில், கண் ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தளத்தில் ஒரு காக்கையைக்கூடக் கால் வைக்க விடாத வெயில். உள்ளே பதினெட்டு டிகிரி குளிரும், குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஓயாத இரைச்சலும். செல்போனைக் கதவுக்கு வெளியே இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். ஒருத்தன் போனில் பேசிக்கொண்டே வேறொரு வயரைப் பிடுங்கி, ஆஸ்பத்திரி முழுக்க ஒரு மணிநேரம் டோக்கன் கொடுக்க முடியாமல் போனதற்காகப் போட்ட சட்டம். இன்றைக்கு மட்டும் மீறினால் என்ன, சத்தத்தை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று தட்டின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். மகள் ஜெமி பன்னிரண்டே காலுக்கு மதுரையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கினதும் கூப்பிடுகிறேன் என்று சொன்னாளா, ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொன்னாளா? காலையிலிருந்து இதையே திருப்பித் திருப்பி நினைத்ததில் இரண்டும் சொன்ன மாதிரியும் இருந்தது, இரண்டும் சொல்லாத மாதிரியும் இருந்தது. நீ கூப்பிடாதம்மா என்று சொன்னது மட்டும் நிச்சயம். போனைத் தட்டில் குப்புற வைத்தாள். பிறகு திரும்பி வந்து நிமிர்த்தி வைத்தாள், நிமிர்த்தி வைத்தால் சீக்கிரம் அடிக்கும் என்பதுபோல.

வேலை என்னவோ சின்ன வேலைதான். அந்த ஒரே பெரிய சர்வருக்குள் ஐந்து கணினிகள் குடித்தனம் இருக்கின்றன. உடம்பில்லாத கணினிகள், விர்ச்சுவல் மெஷின்கள். ஒன்று டோக்கனுக்கு, ஒன்று மருந்துக்கடைக்கு, ஒன்று சம்பளத்துக்கு, ஒன்று கடிதங்களுக்கு, ஒன்று குழந்தைகளின் கண் படங்களுக்கு. எதற்கு எது வேண்டுமானாலும் நடுவில் இருந்து மேய்க்கிற மென்பொருளிடம்தான் கேட்க வேண்டும். அது, எல்லாம் சேமித்து வைத்திருக்கிற டிரைவிடம் போய் வாங்கிவந்து கொடுக்கும். டோக்கனுக்கும் சம்பளத்துக்கும் அது போதும். படங்களுக்குப் போதவில்லை. குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் விழித்திரைப் படங்கள் முழுவதும் திறக்க நாற்பது வினாடி. இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் ஒன்றரை நிமிஷம். டாக்டர் ஹமீதா போன மாதம் இவளைத் தன் அறைக்கே கூப்பிட்டு நிற்கவைத்துக் காட்டினார். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பியால் விலக்கிப் பிடித்திருக்கிறார்கள், உள்ளங்கை அகல முகம், சிவந்து நீலம் பாய்ந்து கத்துகிறது, டாக்டர் போன வாரப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "எண்ணிப் பாரு பியூலா" என்றார் டாக்டர், கோபமில்லாமல். இவள் எண்ணினாள். முப்பத்தெட்டு. மறுநாளே எழுதிக் கொடுத்தாள்: நடுவில் ஆள் வேண்டாம், வேகமான டிரைவ் ஒன்றைப் படங்களின் மெஷினுக்கே நேராகக் கொடுத்துவிடலாம், அது தன் கையாலேயே எடுத்துக்கொள்ளட்டும். இதில் உள்ள நஷ்டத்தையும் எழுதினாள். நேராகக் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த டிரைவ் சர்வரின் கண்ணுக்கே தெரியாது. உள்ளே என்ன நடக்கிறது, நிறைந்திருக்கிறதா, சூடாகிறதா, ஒன்றும் மேலே இருந்து பார்க்க முடியாது. சர்வருக்கு ஏதாவது ஆனால் மற்ற நாலையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சர்வருக்குத் தூக்கிவிடலாம், இதைத் தூக்க முடியாது. அதனால் தினமும் ஒரு நகல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பார்க்க முடியாது என்று எழுதின இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, அது எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

பார்க்க முடியாது. அதுதான். காலையில் புது பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்கள் நிற்கிற பக்கம் போனதும், பழக்கதோஷத்தில் இவள் வாய் போர்டை வாசிக்கத் தொடங்கிவிட்டது, மதுரை, கோவில்பட்டி வழி என்று. ஜெமி சிரித்துக்கொண்டே கையை நீட்டி அம்மாவின் வாயைப் பொத்தினாள். அவள் கையில் தேங்காய் எண்ணெய் வாசனை. "ஏம்மா, நான் வாசிச்சுக்கிடுதேன்" என்று போனை எடுத்து போர்டைப் படம் பிடித்து, விரலால் விரித்து விரித்துப் பெரிசாக்கி, கண்ணுக்கு நாலு விரற்கடை தூரத்தில் வைத்து வாசித்தாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. "போட்டும், அடுத்தது வரும்லா" என்றாள், பஸ் போனதே தன் சௌகரியத்துக்குத்தான் என்பதுபோல. பத்து நிமிஷத்தில் அடுத்தது வந்தது. ஏறி, இடது கண் ஜன்னல் பக்கம் வருகிற மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "நீ போம்மா, வெயிலு" என்றாள். வலது கண்ணில் அவளுக்கு வெளிச்சம்கூடக் கிடையாது. நடக்கப் பழகின நாளிலிருந்து பியூலா அவளுக்கு வலப்பக்கம்தான் நடப்பாள். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வலப்பக்கம், போட்டோ எடுக்கிறவன் இடம் மாறி நிற்கச் சொன்னாலும் வலப்பக்கம். புருஷன் ராஜமணிக்கே அது பழகிப்போய், தெருவில் ஜெமி இல்லாமல் நடக்கும்போதுகூட இவளுக்கென்று வலப்பக்கத்தை விட்டுக்கொடுப்பார். போன மாதம் காலேஜில் சேர்க்கப் போனபோதும் இரண்டு பேருமாகத்தான் போனார்கள். லீவுக்குக் கூட்டிவந்ததும் அவர்தான். இன்றைக்குப் பார்த்து அவருக்குச் சரக்கு ரயில் டியூட்டி, வாஞ்சி மணியாச்சியைத் தாண்டி எந்தச் சிக்னலில் இஞ்சினை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரோ. மாட்டுத்தாவணியில் பஸ் வெளியே போகிற வழி எந்தப் பக்கம் இருக்கிறது? வலதா, இடதா? போன மாதம்தானே போனோம், ஏன் ஞாபகம் வரவில்லை, பஸ் பின்னால் எடுக்கும்போது ஹார்ன் அடிப்பானா, விசில்தான் அடிப்பான், விசிலுக்கும் ஹார்னுக்கும் அவள் நின்றுவிடுவாள், காது நல்ல காது, ஆனால் இந்த பேட்டரி ஸ்கூட்டர்கள் சத்தமே போடாமல் வருகின்றனவே.

திரையில் பட்டியல் வந்தது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே பெயர். சூயிங்கம் பாக்கெட் நீளத்தில் இரண்டு டிரைவ்கள் இரண்டு வரிகளாக நிற்கின்றன. வரிசை எண்ணின் கடைசி நாலு இலக்கம்தான் வித்தியாசம். ஒன்றில் டோக்கனும் மருந்துக்கடையும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. இன்னொன்று நேற்று மாட்டினது, காலி, அதைத்தான் கொடுக்க வேண்டும். ஸ்வெட்டர் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்தாள். நேற்று சாயங்காலம் மாட்டும்போது ஸ்டிக்கரைப் பார்த்து எழுதினது. 4471. திரையில் 4417 ஒன்று, 4471 ஒன்று. 4471-ன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். விரல் அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று விரலையே கேட்டாள். எழுதினது நான்தானே, என் கையெழுத்துதானே. நேற்று, நாலரை மணி, சர்வரின் மூடியைத் திறந்து குனிந்திருந்தபோது காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். ஆமாம், சட்டம் போட்டவளே உள்ளே போனோடு நின்றாள். "அம்மா, நாளைக்கு நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராண்டாம், நானே போயிக்கிடுதேன்." "ஏட்டி, விளையாடுதியா?" "விளையாடல. எல்லா பிள்ளேளும் தனியாத்தான் வருதாவ." "எல்லா பிள்ளேளும் நீயா?" சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்றிருந்தது. அந்தப் பக்கம் பேச்சில்லை. அந்தப் பேச்சில்லாத நேரத்தில்தான் பியூலா ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணை எழுதியிருக்கிறாள். பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்ன வாயோடு எழுதின எண். பிறகு ஜெமியே, "சரி, ஸ்டாண்டு வரைக்கும் வா, பஸ்ல ஏறாத" என்று பேரம் பேசுகிறவள்போல ஒத்துக்கொண்டாள், எதுவும் காதில் விழாதவள் மாதிரி.

சீட்டை மடித்து வைத்துவிட்டு, எந்த டிரைவில் என்ன குடியிருக்கிறது என்று சர்வரையே கேட்டாள். பதில் ஒரு நொடியில் வந்தது. 4471-ல் டோக்கன், மருந்துக்கடை. 4417 காலி. இன்னொரு தரம் கேட்டாள். அதே பதில். மூன்றாம் தரம் ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொன்னாள், நாலு நாலு ஒன்று ஏழு. அருவி இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அழுத்தியிருந்தால் மென்பொருள் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கும், அவசரத்தில் அதற்கும் சரி சொல்லியிருப்பாள். கீழே மருந்துக்கடையில் சொட்டுமருந்துக்குச் சீட்டோடு நிற்கிறவர்கள் நின்றபடியே நின்றிருப்பார்கள். எழுதி வைத்திருக்கிறதே என்று நம்புவதுதான் எத்தனை சுலபம். எழுதி வைத்திருந்தார்கள், அன்றைக்கும் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

சுவரில் இருந்த இன்டர்காம் ஒலித்தது. டாக்டர் ஹமீதா.

"பியூலா, ஆறு பிள்ளைங்க வந்தாச்சு. சங்கரன்கோவில்ல இருந்து வந்த பிள்ளைய முதல்ல பாக்கணும். போன வாரப் படம் இல்லாம என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. எப்ப கிடைக்கும்?"

"இப்பதான் மேடம் கொடுக்கப்போறேன். ஒண்ணே முக்கால் ஆயிரும்."

"பிள்ளைங்களுக்குப் பால் கொடுக்காம வச்சிருக்கோம்மா. பரிசோதனைக்கு முன்னால கொடுத்தா வாந்தி எடுத்துரும்."

"தெரியும் மேடம்" என்றாள் பியூலா. அது தெரியாமலா.

படங்களின் மெஷினை உள்ளே வந்ததுமே அணைத்துவிட்டிருந்தாள். 4417-ஐச் சர்வரிடமிருந்து கழற்றி அந்த மெஷினின் பெயரில் எழுதினாள். மறுபடி மெஷினை எழுப்பினாள். பட்டியலில் இரண்டு வரி இருந்த இடத்தில் ஒரு வரி. இருந்த இடம்கூடத் தெரியவில்லை, கீழே இருந்த வரி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்படித்தான் ஆகும் என்று தெரியும், மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தவளே இவள்தான், இருந்தாலும் நெஞ்சுக்குள் ஒரு படி தவறினது. போய்விட்டதே. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அப்படியொரு டிரைவே உலகத்தில் இல்லை. அந்தப் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும். மெஷின் எழுந்திருக்க இரண்டு நிமிஷம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுகின்றன, நிற்கின்றன, ஓடுகின்றன. பஸ்ஸும் இப்படித்தான், முன்னால் போய், நின்று, ஒரு சைக்கிள்காரனுக்கு வழிவிட்டு, பிறகு வளைவில் திரும்பினதும் ஜன்னலில் அவள் கை தெரிந்ததா, வேறு யாருடைய கையா, பச்சை வளையல் போட்டிருந்தாளா இன்றைக்கு? பதினெட்டு வருஷம் பார்த்த கையில் இன்றைக்கு வளையல் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தாள். இருந்தது. தன் எண்ணோடு, தன் அளவோடு, யார் தயவும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. கடைசி மூன்று மாதப் படங்களைப் பழைய இடத்திலிருந்து புது டிரைவுக்கு நகல் எடுக்கச் சொன்னாள். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. முப்பத்தைந்து நிமிஷம் என்றது.

நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். பச்சைக் கோடு ஐந்து சதவீதம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பிரசவ ஆஸ்பத்திரியில் ஜெமியை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி, அதன் ஓரத்தில் இரண்டு வட்ட ஓட்டை, ஓட்டை வழியாகக் கையை விட்டுத் தொடலாம், கையைக் கழுவிவிட்டு வா, மோதிரத்தைக் கழற்று, இரண்டு நிமிஷம்தான். ஆயிரத்து நூறு கிராம். அந்த நர்ஸ் ஆயிரத்து நூறு என்று சொன்னபோது பெரிய எண்ணாகத்தான் காதில் விழுந்தது. விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும்; நகம் இருக்கிற இடத்தில் நகம் மாதிரி ஒன்று. நாற்பத்தோரு நாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையில் தாள்களைப் போட்டுக் கொடுத்து, எடை போட்டிருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். யாரும் தப்பானவர்கள் இல்லை. டாக்டர் எழுதியிருந்தார், நாலாவது தாளில், கீழே, கண் பரிசோதனை இரண்டு வாரத்துக்குள் என்று. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைக் கொண்டுபோவதற்குள் செய்ய வேண்டிய பரிசோதனை. அதை நர்ஸ் சொல்வார் என்று டாக்டர் நினைத்திருக்கிறார், டாக்டர் சொல்லியிருப்பார் என்று நர்ஸ். தாள் கையில் இருக்கிறதே, படித்த பெண்தானே, பார்த்துக்கொள்வாள் என்று இரண்டு பேரும். பியூலா பார்க்கவில்லை. எடையைப் பார்த்தாள், மறுபடி வர வேண்டிய தேதியைப் பார்த்தாள், உறையை பீரோவில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். ஐந்து வாரம் கழித்து வேறெதற்கோ உறையை எடுத்தபோது அந்த வரி அங்கேயே இருந்தது, காத்துக்கொண்டு. இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடி வந்தாள். அப்போது ஹமீதா சின்ன டாக்டர், கல்யாணம்கூட ஆகவில்லை. பார்த்துவிட்டு, குழந்தையின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கண்ணுக்கு அன்றைக்கே லேசர் வைத்தார்கள். வலதுக்கு நேரம் தாண்டிவிட்டது. பிறகு மூன்றாம் வருஷம் இங்கேயே கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்து விண்ணப்பித்தபோது, ஏன் இங்கே என்று கேட்டவர்களிடம் வீட்டுக்குப் பக்கம் என்றாள். வீட்டுக்குப் பக்கமில்லை, இரண்டு பஸ் மாற வேண்டும். நாற்பது சதவீதம். நாற்பத்தொன்று. கோடு நாற்பத்தொன்றில் நிற்கிறது. நிற்கிறதா? மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கோப்பு ஏதாவது வந்திருக்கும், நின்றால் பயப்படக்கூடாது, நின்றால் நின்றுகொண்டுதான் இருக்கும், அவளும் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பாள், ரோட்டைக் கடக்க, யாரையாவது கேட்டுக்கொண்டு. கேட்பாள். கேட்க வெட்கப்படாத பிள்ளை. சின்ன வயதில் யாராவது "பாப்பா, கண்ணு என்னாச்சு" என்றால் இவள் முந்திக்கொண்டு பதில் சொல்வாள், எட்டு வயதில் ஒருநாள் ஜெமி, "அம்மா, என்கிட்டதான கேட்டாவ?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ரேஷன் கடை வரிசை, முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. ஓடுகிறது.

ஒன்று நாற்பத்தெட்டுக்கு எல்லாம் முடிந்து, பியூலா போனைத் தட்டிலிருந்து எடுத்தாள். அழைப்பு ஒன்றும் இல்லை. செய்தி ஒன்றும் இல்லை. மாடிப்படியில் இறங்கும்போதே ஜெமியின் பெயர்மேல் கட்டைவிரலை வைத்தாள், நீ கூப்பிடாதம்மா என்றது ஞாபகம் வந்து விரலை எடுத்தாள்.

டாக்டரின் அறையில் செண்பகவல்லி சிஸ்டர் ஒரு குழந்தையைத் துணியில் சுற்றித் தலையைப் பிடித்திருந்தாள். கத்தல் அறையை நிறைத்தது. டாக்டர் திரும்பிப் பார்க்காமல் மவுசை அழுத்தினார். போன வாரத்துப் படங்கள், இடது வலது எல்லாம், விசிறி விரித்த மாதிரி ஒரே வீச்சில் வந்து நின்றன. வட்டம் சுற்றவே இல்லை. டாக்டரின் கை மவுசின் மேல் அப்படியே நின்றது. காத்திருந்து பழகின கை. பிறகு குனிந்து குழந்தையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி குழந்தையை. "ரத்தக்குழாய் ஓரம் வரைக்கும் வளந்துருக்கு. லேசர் வேண்டாம். அடுத்த வாரம் பாத்தாப் போதும்" என்றார். "கம்பிய எடுத்துரு சிஸ்டர். பால் கொடுக்கச் சொல்லு." இவள் பக்கம் திரும்பாமலே, "எத்தனை எண்ணின பியூலா?" என்றார். "ஒண்ணுகூட முடியல மேடம்" என்றாள் பியூலா.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் சங்கரன்கோவில் பெண் குழந்தையைச் சேலைக்குள் வாங்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. சிஸ்டர் சொன்னது அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ. எதிரில் வந்த பியூலாவை ஸ்வெட்டரோடு பார்த்து டாக்டரென்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தாள். "உக்காரும்மா, நான் டாக்டர் இல்ல" என்று பியூலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்லாருக்குன்னு சொன்னாங்க. லேசர் வேண்டாமாம். ஆனா அடுத்த வாரம் கட்டாயம் வரணும். தாள்ல எழுதியிருக்கும், எழுதியிருக்குன்னு விட்டுராத. சொல்லு, எந்தக் கிழமை?" "ஞாயித்துக்கிழமக்கா." "இன்னொரு தரம் சொல்லு." "ஞாயித்துக்கிழம." கையில் போன் அதிர்ந்தது.

"அம்மா."

"ஏட்டி! எங்க இருக்க?"

"ரூம்லம்மா. பன்னெண்டரைக்கே வந்துட்டேன். இந்தப் பக்கத்துக் கட்டில் பிள்ள அல்வா வாங்கிட்டு வரலையான்னு ஒரே சண்ட, அதுல உனக்குக் கூப்பிட மறந்தே போச்சு."

மறந்துபோயிற்றாம். ஒன்றேகால் மணிநேரம் இவள் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள், அங்கே அல்வாவுக்குச் சண்டை. கோபம் வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை. வேறென்னவோ மெல்ல மேலே வந்தது. பிறந்ததிலிருந்து அம்மாவை ஒரு நிமிஷமும் மறக்க வழியில்லாமல் இருந்த பிள்ளை.

"ரோட்டை எப்படிக் கடந்த?"

"கடந்தேம்மா" என்றாள் ஜெமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு தரம் நின்னேன். ஒருத்தவங்ககிட்ட கேட்டேன். கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. அப்பாகிட்ட சொல்லாத."

"சொல்லல."

"வைக்கட்டுமா? கூப்பிடுதாவ."

"வை" என்றாள் பியூலா. வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கண் நிறைந்து தாழ்வாரம் கலங்கலாகத் தெரிந்தது.

பக்கத்துப் பெண் சேலைக்குள் குனிந்து பார்த்துவிட்டுத் தயங்கிக் கேட்டாள். "மகளாக்கா?"

"ஆமா. மதுரையில காலேஜ் படிக்கா. இன்னைக்குத்தான் முதல்தரம் தனியா போயிருக்கா. உன் பிள்ள மாதிரிதான் பொறந்தா, ஆயிரத்து நூறு கிராம்."

அந்தப் பெண் இவள் முகத்தையே பார்த்தாள். ஆயிரத்து நூறு கிராம் மதுரைக்குத் தனியாகப் போவதை அவள் மனதுக்குள் ஏற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. சேலைக்குள் சப்புகிற சத்தம் சீராகக் கேட்கத் தொடங்கியிருந்தது. மணி இரண்டேகால்.

"சாப்பிட்டாளான்னு கேட்டீங்களாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

பியூலா போனைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைக் கேட்க மறந்திருக்கிறாள்.

"கேக்கல" என்றாள், சிரிப்பு வந்துவிட்டது.